சீசன் முடிஞ்சா சம்பளமும் முடியுதா? ஸ்போர்ட்ஸ் மீடியா வேலையில் இருக்கிறவங்களுக்கு

ஐபிஎல் மேட்ச் ராத்திரி 11.30-க்கு முடியும். அணியின் மீடியா டீமில் இருக்கும் உங்களுக்கு அப்போதான் அடுத்த ஷிஃப்ட் ஆரம்பம். பிரஸ் மீட்டுக்கு யார் வரப்போறாங்க, தோத்த கேப்டன் என்ன மூடுல இருக்கார், ஸ்பான்சர் போஸ்ட் போயிடுச்சா? ரூமுக்கு வரும்போது மணி 2. காலையில் அடுத்த ஊருக்கு ஃபிளைட்.

அந்த ஃபிளைட்டில் உட்கார்ந்து கரியர் முடிவு எடுக்காதீங்க. ஜெயிச்ச மறுநாள் "ஆயுசுக்கும் இதே வேலைதான்"னு தோணும். வரிசையா நாலு மேட்ச் தோத்தா "பேசாம பேங்க் வேலைக்குப் போயிடலாம்"னு தோணும். ரெண்டுமே தூக்கமில்லாத மூளை பேசுறது. சீசன்ல குறிப்பு மட்டும் எழுதி வைங்க. முடிவு ஜூலையில்.

ஜூலையில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்க ஒப்பந்தத்தை. உதாரணத்துக்கு, மாசம் 60,000 ரூபாய், 10 மாதம், கன்சல்டன்ட்னு போட்டிருக்குன்னு வைங்க. பி.எஃப். கிடையாது. 10% டிடிஎஸ் பிடிச்சா கைக்கு வருவது 54,000. அதை 12 மாசத்துக்குப் பிரிச்சா 45,000. உங்க உண்மையான மாத வருமானம் இதுதான்! 60,000-ஐ நம்பி பைக் இஎம்ஐ போட்டவங்க அந்த ரெண்டு மாசத்துல கிரெடிட் கார்டைத் தேய்ப்பாங்க.

வேற வருமானம் இல்லாம, புதிய வரி முறையில் இருந்தா, 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை. ஆக, பிடிச்ச 60,000-மும் ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா திரும்பி வரும். அது கோவா டிரிப்புக்கு இல்லைங்க. மாசச் செலவை 35,000-ல் நிறுத்தி, 10,000 ஒதுக்கினா 1,20,000. ரீஃபண்டையும் சேர்த்தா 1,80,000. அஞ்சு மாசச் செலவு கையில்.

இது ஏன் கரியர் விஷயம்? 2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை ரெண்டு வருஷம் தடை செய்தது. 2021 மே மாதம் கொரோனாவால் நின்ற சீசன் செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கியது. நீங்க எவ்வளவு நல்லா வேலை பார்த்தாலும் இதெல்லாம் உங்க கையில் இல்லை. அஞ்சு மாசக் காசு இருந்தா, அடுத்து வர்ற முதல் வேலையையே பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போ பதவிக்கு வருவோம். "கம்யூனிகேஷன்ஸ் ஹெட் ஆகணும்"னு பல பேர் எழுதி வைக்கிறாங்க. ஐபிஎல்-ல மொத்தமே 10 அணி. அணிக்கு ஒரு நாற்காலிதான், அதுவும் லேசில் காலியாகாது. அதை மட்டும் இலக்கா வைக்கிறது, என்னைக் கேட்டா, லாட்டரி. அதுக்குப் பதிலா, அஞ்சு வருஷத்துல வெளியே விலை போகும் எந்தத் திறமை கையில் இருக்கணும்னு எழுதுங்க. நெருக்கடி நேரத்துல 20 நிமிஷத்துல அறிக்கை தயார் பண்றது, ஸ்பான்சருக்குக் கணக்கோட ரிப்போர்ட் கொடுக்கிறது. இதுக்கு மருத்துவமனை, ஸ்டார்ட்அப், விளம்பர ஏஜென்சின்னு எங்கேயும் தேவை இருக்கு.

அடுத்த ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: 12 மாதமா மாத்த முடியுமா? மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டா? ரெண்டுக்கும் "இல்லை"ன்னா, தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்து, அந்தப் பிரீமியத்தையும் சேர்த்து உங்க ரேட்டைச் சொல்லுங்க.