ஐயமும் அறிவே

நுழையும்முன்
மென்பொருள் என்றதும் கணினித்திரையும் அதில் ஓடும் எண்களும் எழுத்துகளும் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எழுதுவோர் மனிதர்கள். பெரும்பாலும் பலர் கூடியே எழுதுகின்றனர். அவர்களிடையே நிகழும் உரையாடல் செம்மையாக அமையாவிடில் என்ன நேரும் என்பதை ஒரு விண்கலத்தின் வரலாறு உணர்த்துகிறது.

மறைந்த விண்கலம்
செவ்வாய்க் கோளின் காலநிலையை ஆராய, அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பர் 11 அன்று 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தை ஏவியது. ஒன்பது மாதங்களுக்கும் மேலாகப் பயணம் செய்த அக்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் பின்புறம் சென்றது. கணித்த நேரத்திற்கு 49 நொடிகள் முன்னதாகவே மறைந்தது. பின்னர் அதனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் கோளைக் கடக்க வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் உயரம் வரை தாழ்ந்துவிட்டது என்பது பிறகு தெரியவந்தது.

இரு குழுக்கள், இரு அலகுகள்
கலத்தின் சிறு உந்துபொறிகள் இயங்கும்போது அதன் பாதை சிறிது மாறும். அம்மாற்றத்தைக் கணக்கிடத் தரையில் ஒரு மென்பொருள் இருந்தது. கலத்தை உருவாக்கிய நிறுவனம் எழுதிய அம்மென்பொருள், விடைகளைப் பவுண்டு விசை அலகில் தந்தது. பாதையைக் கணித்த நாசா குழுவினரோ அவற்றை நியூட்டன் அலகு எனக் கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எனவே, ஒவ்வொரு கணக்கிலும் சிறு பிழை புகுந்து, நாளடைவில் பெருகியது.

கேட்கப்படாத ஐயம்
இப்பிழையை எவருமே உணரவில்லையா? பாதையைக் கணித்தவர்கள் எண்கள் ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்திருந்தனர். ஆயினும், சிக்கல்களைப் பதிவு செய்வதற்குரிய முறைப்படி அந்த ஐயம் பதிவாகவில்லை. மின்னஞ்சல் பரிமாற்றத்தோடு நின்றுபோனது. குழுக்களிடையே போதிய தொடர்பின்மையையும், பாதை கணிக்கும் குழுவில் ஆள் பற்றாக்குறையையும் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அலகுப் பிழை கணினிக்குள் இருந்தது. அதைத் திருத்தும் வாய்ப்போ மனிதர்களின் கையில் இருந்தது.

குழுப்பணியின் நெறிகள்
தாம் எழுதிய நிரலைத் தம்மின் ஒரு பகுதியாகவே கருதுவோர்க்கு அதிலுள்ள பிழை எளிதில் புலப்படாது என்று ஜெரால்டு வைன்பெர்க் 1971இல் வெளியான தம் நூலில் விளக்கினார். ஆகவே, ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பார்க்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. பல குழுக்கள் நாள்தோறும் குறுங்கூட்டம் கூடி, முடிந்த பணியையும் எதிர்ப்படும் தடையையும் பகிர்ந்துகொள்கின்றன. பிழை நேர்ந்தபின் 'யார் செய்தார்?' என்று வினவாமல், 'எவ்வாறு நேர்ந்தது?' என்று ஆராய்வது மற்றொரு நெறியாகும். தண்டனைக்கு அஞ்சுபவர் பிழையை மறைப்பார்; அச்சமற்றவரே அதனை முன்வந்து உரைப்பார்.

இந்நெறிகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. குழுவில் இளையவரும் தம் ஐயத்தைத் தயங்காமல் கூற இயல வேண்டும். மூத்தவர் அதனைப் பொறுமையுடன் கேட்க வேண்டும். இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளுமாறு வள்ளுவர் அரசனுக்குக் கூறிய அறிவுரை, கணினி முன் அமர்ந்திருப்போர்க்கும் பொருந்துவதே.