நோனிச் சாற்றுக்கு வந்த இரவல் புகழ்

நம் ஊர் நுணாவுக்கு நெருங்கிய உறவான நோனியின் சாறு பாட்டிலில் வரும்போது, பாலினீசியத் தீவுகளின் ஆயிரமாண்டு மருத்துவ மரபையும் சேர்த்தே விற்கிறார்கள். மரபு இருப்பது மெய்தான். ஆனால் அங்குள்ள வைத்தியர்கள் நோனி இலையையும் மசித்த பழத்தையும் பெரும்பாலும் மேலுக்குத்தான் வைத்துக் கட்டினார்கள். வேர் மஞ்சள் சாயத்துக்குப் போனது. பழத்தைப் பஞ்ச காலத்தில் தின்றார்கள். வேளை தவறாமல் சாறு குடிக்கும் பழக்கம், 1996-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே உலகெங்கும் பரவியது. அதன் வாடை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. வெளுத்துக் கனிந்த பழங்களை ஜாடியில் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் பழுப்பு நிறச் சாறு கசிந்து சேரும்; அதிலுள்ள ஆக்டனாயிக், ஹெக்ஸனாயிக் அமிலங்களின் நாற்றம் குடலைப் புரட்டும். செஷல்ஸ் தீவுகளில் ஒருவகைப் பழ ஈ இந்தப் பழத்தைத் தேடிப்போய் முட்டையிடுகிறது. அதன் உறவினங்களுக்கோ அந்த அமிலங்கள் நஞ்சு.

அறிவியலின் பெயரால் சொல்லப்படுபவையும் இப்படி வேறிடத்திலிருந்து வந்தவைதான். ஹவாயில் அன்னாசி நொதிகளை ஆராய்ந்த ரால்ஃப் ஹைனிக்கி, நோனியிலுள்ள ஒரு பொருள் உடலுக்குள் ‘செரோனின்’ என்ற ஆல்கலாய்டாக மாறி உயிரணுக்களைச் சீராக்குவதாக 1985-இல் எழுதினார். அந்தச் செரோனினை யாரும் இன்றுவரை பிரித்தெடுத்துக் காட்டவில்லை. 1993-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், டம்னகாந்தால் என்ற சேர்மம் ஆய்வகத்தில் புற்றுத்தன்மை கொண்ட உயிரணுக்களை இயல்பு நிலைக்குத் திருப்பியதைக் கண்டார்கள். நல்ல ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சேர்மம் கிடைத்தது வேரிலிருந்து, அதுவும் குளோரோஃபாமில் கரைத்தெடுத்த சாரத்திலிருந்து. வேர் சம்பாதித்த பெயர் பழச்சாற்றின் கணக்கில் வரவாகிவிட்டது. மற்றப் பழச்சாறுகளை மிஞ்சும் தனி நன்மை நோனிச் சாற்றுக்கு உண்டு என்பதற்கு ஆதாரமில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2002-இல் சொன்னது. மறு ஆண்டு அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது, மருந்தாக அல்ல, உணவாக.

மனிதர்களிடம் சோதிக்காமலா இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்கலாம். சோதித்திருக்கிறார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகம் நோனிப் பழப்பொடியைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. உடல் அதைத் தாங்கியது, கட்டி சுருங்கவில்லை. புகைபிடிப்பவர்களுக்குச் சாறு கொடுத்ததில் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைந்ததாக வந்த ஆய்வில், சாற்றை விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களே பங்கேற்றிருந்தார்கள். அதனால் அது பொய்யாகிவிடாது. தொடர்பில்லாத வேறொருவர் செய்து பார்க்கும்வரை நான் அதை அரைச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்வேன். பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பது அடுத்த வாதம். வைட்டமின் சி உள்ள பழச்சாறு என்ற அளவில், நலமாக இருப்பவருக்கு அது சரி. ஆஸ்திரியாவில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டபோது பழி நோனிமேல் விழுந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-இல் ஆராய்ந்து, சாறு காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது. சிறுநீரக நோயாளிகள் கதை வேறு. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்திச் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு ரத்தத்தில் அது ஏறியதையும், அவர் நோனிச் சாறு குடித்துவந்ததையும் அமெரிக்க மருத்துவர்கள் 2000-இல் பதிவுசெய்தார்கள். அந்தச் சாற்றை அளந்தபோது, ஆரஞ்சுச் சாற்றில் இருக்கும் அளவுக்கே பொட்டாசியம் இருந்தது.