சில்லின் விலைக்கும் கீழே ஒரு பென்டிரைவ்

இணையச் சந்தையில் 2 டெராபைட் என்று அச்சிட்ட பென்டிரைவ் 30, 40 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. பளபளக்கும் உலோக உறை, கேள்விப்படாத ஒரு முத்திரை, கீழே ஆயிரக்கணக்கில் விற்றதாக ஒரு கணக்கு. பெயருள்ள நிறுவனத்தின் 1 டெராபைட் பென்டிரைவே சில நூறு ரிங்கிட் ஆகும்போது, அதைப்போல் இருமடங்கு கொள்ளளவு இந்த விலைக்கு எப்படி வரும்? தொழிற்சாலையிலிருந்து நேரடி விற்பனை, கையிருப்பைக் காலி செய்கிறோம் என்று விற்பவர் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் கணக்கு உதைக்கிறது. பெரிய கொள்ளளவுள்ள பென்டிரைவின் விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் நினைவகச் சில்லின் விலை. அந்தச் சில்லு உலகச் சந்தையில் அன்றாடம் விலை பேசப்படும் பண்டம். அதைச் சும்மா தூக்கிக் கொடுக்க எவருக்கும் அவசியமில்லை. ஆகவே அந்த உறைக்குள் 2 டெராபைட் இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நம்பகமான பென்டிரைவைக் கையைக் கடிக்காத விலையில் வாங்க ஒரே நேர்வழிதான் உண்டு: கொள்ளளவு ஆசையைக் குறைத்துக்கொண்டு, தரத்துக்குப் பணம் கொடுப்பது. வாங்கிய அன்றே அது சொன்ன அளவு மெய்தானா என்று சோதிப்பதும் அந்த வழியில் சேர்ந்ததே.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சில்லுகள் எங்கோ கண்காணாத தேசத்தில் விளைபவை அல்ல. ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ். நேண்ட் ஃபிளாஷ் என்னும் இந்த நினைவகச் சில்லுகளைச் செய்யும் மைக்ரான் நிறுவனத்தின் ஆலைகள் அந்த வட்டாரத்தில்தான் இயங்குகின்றன. மரச்சாமான்களுக்குப் பேர்போன மூவாரில் அதே நிறுவனத்துக்கு இன்னோர் ஆலை உண்டு. 2010இல் நியூமோனிக்ஸ் நிறுவனத்தை மைக்ரான் வாங்கியபோது கைக்கு வந்த ஆலை அது. சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலை அங்கே நடக்கிறது. பென்டிரைவின் வரலாற்றிலும் இந்த வட்டாரத்துக்குப் பங்கு இருக்கிறது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000இல் ‘தம்டிரைவ்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. யார் முன்னோடி என்ற வழக்கு நீதிமன்றம்வரை போனது. சிலாங்கூரின் செகிஞ்சானைச் சேர்ந்த புவா கெயின் செங், தைவானில் படித்து, அங்கேயே 2000இல் நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். பென்டிரைவின் கட்டுப்பாட்டு வேலைகளை ஒரே சில்லில் அடக்கியது அந்த நிறுவனத்தின் சாதனை. இந்தக் கடைசிச் செய்தி நம் வாதத்துக்கு முக்கியம். பென்டிரைவுக்குள் தரவைத் தாங்கும் நினைவகச் சில்லு ஒன்றும், அதை மேய்க்கும் கன்ட்ரோலர் சில்லு ஒன்றும் இருக்கின்றன. முன்னது மட்டமாக இருந்தால் தரவு அழியும். பின்னது பொய் சொல்லத் துணிந்தால் தரவு பதிவே ஆகாது.

முதலில் நினைவகச் சில்லு. ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் அடிப்படை எளியது. மின்காப்புப் படலம் சூழ்ந்த நுண்ணிய செல்லுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிச் சிறைவைக்கிறோம். மின்சாரம் நின்றாலும் அவை வெளியேற முடியாது, தரவு தங்குகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் எழுதிய காலத்தில், எலக்ட்ரான்கள் இருக்கின்றனவா இல்லையா என்று பார்த்தால் போதும். இன்று ஒரே செல்லில் மூன்று பிட்டோ நான்கு பிட்டோ எழுதுகிறார்கள். மூன்று பிட்டுக்கு 8 நிலைகளையும், நான்கு பிட்டுக்கு 16 நிலைகளையும் பிரித்தறிய வேண்டும். டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்வது சுலபம். 16 கோடுகளில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இருட்டில் சொல்வது கடினம். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் மின்காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. ஒரு பிட் செல் ஏறத்தாழ லட்சம் முறை தாங்கும். மூன்று, நான்கு பிட் செல்கள் ஆயிரம் முறையோ சில ஆயிரம் முறையோதான். இந்தப் பலவீனத்தை மறைத்துச் சமாளிப்பது கன்ட்ரோலரின் பொறுப்பு. பிழைகளைத் திருத்துகிறது, பழுதான பகுதிகளை ஒதுக்குகிறது, ஒரே இடம் தேயாதபடி எழுத்துவேலையைப் பரவலாக்குகிறது. மலிவு விலைக்கு இறங்க இறங்க இந்த இரண்டு சில்லுகளின் தரமும் சேர்ந்தே இறங்குகிறது.

எவ்வளவு இறங்கும்? ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. உயர்ந்தவை கணினி, கைப்பேசி, தரவு மையம் என்று போகின்றன. தரச் சோதனையில் தேறாதவை முழுவதும் குப்பைக்குப் போய்விடுவதில்லை. ஒரு பங்கு பெயரில்லாத பென்டிரைவுகளுக்குள் மறுவாழ்வு பெறுகிறது. ஜெர்மனியில் பழுதான சாதனங்களிலிருந்து தரவை மீட்டுத்தரும் சிபிஎல் நிறுவனம் 2024இல் இதைப் பகிரங்கமாகவே சொன்னது. தங்களிடம் வரும் பென்டிரைவுகளைப் பிரித்தால், தயாரிப்பாளர் பெயர் அழிக்கப்பட்ட சில்லுகளும், சில்லுக்குப் பதிலாகப் பலகையில் பற்றவைத்த மைக்ரோ எஸ்டி அட்டைகளும் அடிக்கடி தென்படுகின்றன என்றது. விளம்பரப் பரிசாகக் கையில் திணிக்கப்படும் பென்டிரைவுகளை மட்டும் வைத்துச் சொன்னது அல்ல இது. பெயருள்ள முத்திரைகள் சிலவற்றையும் சேர்த்தே சொன்னது.

தரம் குறைந்த சில்லு ஒரு சங்கடம் என்றால், பொய் சொல்லும் கன்ட்ரோலர் அப்பட்டமான மோசடி. உள்ளே இருப்பது 32 ஜிபி சில்லாக இருக்கும். கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி, கணினி கேட்டால் 2 டெராபைட் என்று பதில் சொல்ல வைத்திருப்பார்கள். கணினி அதை நம்பும். நாமும் திரையில் பார்த்து நம்புவோம். முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் எழுதுவது காற்றில் போகும், இல்லையேல் முன்னால் எழுதியதன்மேலேயே எழுதப்படும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது பிழைத்துவிடும். திருமண வீட்டுப் படங்களை மாற்றி வைத்தவர் கோப்புறையைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக நிற்கும். அளவும் தேதியும்கூடச் சரியாக இருக்கும். முதல் சில நூறு படங்கள் திறக்கும். பிறகு ஒரு படத்தில் மணமக்களின் முகம்வரை வந்து அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாக நிற்கும். அடுத்ததிலிருந்து எதுவும் திறக்காது. படங்களைப் பென்டிரைவுக்கு மாற்றியாயிற்று என்ற தைரியத்தில் கேமரா அட்டையை அதற்குள் அழித்திருப்பார்கள். 40 ரிங்கிட் போனதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படப் போவதில்லை.

இந்த மோசடி அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதல்ல. அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் 2023இல் அமேசானில் இருந்த மிக மலிவான 1, 2 டெராபைட் பென்டிரைவுகளில் 12 வாங்கிச் சோதித்தார். பன்னிரண்டும் போலி. அதன்பிறகே ‘வேலிடிரைவ்’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். பென்டிரைவின் பரப்பில் 576 இடங்களைத் தொட்டு எழுதிப் படித்துப் பார்த்து, எங்கே நினைவகம் இருக்கிறது, எங்கே வெறும் பாவனை என்று சில நிமிடங்களில் படமாகக் காட்டிவிடும். ஜெர்மனியின் ‘சிடி’ கணினி இதழ் வழங்கிய ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ இன்னும் பழையது, மெதுவானது, முழுமையானது. பென்டிரைவ் நிரம்பும்வரை கோப்புகளாக எழுதி, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘எஃப்3’ அதே வேலையைச் செய்யும். மூன்றுக்கும் காசு இல்லை. முழுச் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 64 ஜிபியை எழுத மட்டும் ஏறக்குறைய 1 மணி 47 நிமிடம் ஆகும். எழுதினால் தேயும் என்று இப்போதுதானே சொன்னீர்கள், சோதனையே ஆயுளைக் குறைக்காதா என்று கேட்கலாம். ஒரு முழுச் சோதனை ஒவ்வொரு செல்லிலும் எடுப்பது ஏறத்தாழ ஒரு சுற்று. ஆயிரம் சுற்று தாங்குவதில் ஒன்றைச் செலவழித்து மீதி 999ஐ நம்பிப் பயன்படுத்த முடிகிறது என்றால் அது நல்ல வியாபாரம். 64 ஜிபி பென்டிரைவை விண்டோஸ் 59.6 ஜிபி என்றோ இன்னும் சற்றுக் குறைத்தோ காட்டினால் அதை மோசடி என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது.

அப்படியானால் நல்ல முத்திரையாகப் பார்த்து வாங்கிவிட்டால் போதாதா? போதாது. சான்டிஸ்க், கிங்ஸ்டன் போன்ற பெயர்களையே அதிகம் போலி செய்கிறார்கள். விலைபோகும் பெயரைத்தானே எவனும் திருடுவான். முத்திரையைவிட விற்பவரைப் பார்ப்பது முக்கியம். நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையக் கடை, ரசீது தரும் கணினிக் கடை, ஐந்தாண்டு உத்தரவாதம் எழுதிய பொட்டலம் ஆகியவை சேர்ந்திருந்தால் நல்லது. உத்தரவாதத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பழுதானால் புதுப் பென்டிரைவ் கொடுப்பார்கள். உள்ளே இருந்த படங்களுக்கும் கணக்குகளுக்கும் அவர்கள் பொறுப்பல்ல. பெயரில்லாத மலிவுப் பென்டிரைவையே பல ஆண்டாக ஒரு குறையுமில்லாமல் பயன்படுத்துகிறோம் என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. 16 ஜிபி என்று எழுதி உண்மையிலேயே 16 ஜிபி வைத்து, அதிலும் பாதிதான் நிரப்பி, காரில் பாட்டுக் கேட்க வைத்திருந்தால் மட்டமான சில்லுகூட நெடுநாள் ஓடும். அதே பென்டிரைவ் நாளை ஒரு தமிழ்ப்பள்ளியின் தேர்வுத் தாள்களைச் சுமக்கப் போகும்போதுதான் சில்லின் தரம் கேள்வியாகிறது.

வேகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டியவர்கள் கொஞ்சப் பேர்தான். காணொளி எடுப்பவர்களும் பெரிய கோப்புகளை அடிக்கடி மாற்றுபவர்களும் யூஎஸ்பி 3 வகையை வாங்கலாம். பொட்டலத்தில் பெரிதாகப் போடும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், எழுதும் வேகம் அதில் ஒரு பங்குதான் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு 32 அல்லது 64 ஜிபி தாராளம். 4 ஜிபிக்கு மேற்பட்ட காணொளி ஏறவில்லை என்றால் பென்டிரைவைக் குறைசொல்லாமல், அதை எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். பழைய ஃபேட்32 முறையின் வரம்பு அது.

நல்ல பென்டிரைவை வாங்கிச் சோதித்து அலமாரியில் பூட்டிவிட்டால் பத்திரம் என்று எண்ணுவது அடுத்த ஆபத்து. சிறைவைத்த எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. சூடு கூடினால் கசிவும் கூடுகிறது. கணினிகளில் வரும் எஸ்எஸ்டி நினைவகங்களுக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தர அளவையே, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரமில்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவு தங்கினால் போதும் என்கிறது. அதிகம் எழுதப்படாத நல்ல பென்டிரைவில் தரவு பல ஆண்டு தங்கும் என்றாலும், பெரும்பாலான பொட்டலங்களில் அப்படியோர் உறுதிமொழி கிடையாது. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதற்கு மிக மோசமான இடம். ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்து, திறக்கின்றனவா என்று பார்த்து, மறுபடி எழுதி வைப்பது நல்லது.

அதைவிட முக்கியம், எந்தக் கோப்பும் ஒரே பென்டிரைவில் மட்டும் இருக்கக் கூடாது. 2006 டிசம்பரிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியது. 2023 மார்ச்சில் பத்து பகாட் வட்டாரம் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றது. வீட்டுப் பத்திரங்களையும் படங்களையும் நகலெடுத்த இரண்டாவது பென்டிரைவ் அதே வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். இணையச் சேமிப்பு இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழும்பி வரும் மாநிலத்தில் அது நியாயமான கேள்வியே. ஆனால் கூகுள் தரும் இலவச 15 ஜிபி ஒரு குடும்பத்தின் படங்களுக்கு வெகுகாலம் தாங்காது. கடவுச்சொல்லை மறந்தாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ எல்லாம் ஒரே நாளில் எட்டாக்கனியாகிவிடும். இணையத்தில் ஒரு பிரதி, கையில் ஒரு பிரதி என்று வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான விவரம் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. அதன்கீழ் இயங்கும் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். மின்வணிக விதிமுறைகளின்படி இணைய விற்பனையாளர் தம் பெயர், தொடர்பு விவரங்களை வெளியிட வேண்டும். ஆனால் விற்பவர் கடல்கடந்த நாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் பணம் வருவது கடினம். அதனால் விற்பவர் மலேசியாவில் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். பெரிய இணையச் சந்தைகள் வாங்குபவர் உறுதிசெய்யும்வரை, அல்லது குறித்த நாள் முடியும்வரை, பணத்தை விற்பவருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே பொருள் கிடைத்துவிட்டது என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் முழுச் சோதனையையும் ஓடவிட வேண்டும். போலி என்று தெரிந்தால், சோதனை முடிவு தெரியும் திரையைப் படமெடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடலாம்.