முட்டை போன்ற கற்கள்

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது, உருண்டை வடிவக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி கைப்பேசிகள் வழியே விரைந்து பரவியது. நிலவியல் அறிஞர்களோ, அவை முட்டைகள் அல்ல, கடற்படிவில் அம்மோனைட்டுகளை ஒட்டி உருவான கற்கள் என்று விளக்கினர். கேட்டவர் பலருக்கு ஏமாற்றம். உண்மையில், வதந்தியைவிட அவ்விளக்கமே வியப்புக்குரியது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதியைக் கடல் மூடியிருந்தது. கணவாய்க்கு உறவான, சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள் அக்கடலில் வாழ்ந்தன. இறந்தவை சேற்றில் புதைந்தன. சேற்றினூடே ஊறிய நீரில் கரைந்திருந்த சுண்ணப்பொருள், ஓட்டையோ வேறு சிறு துணுக்கையோ கருவாகக் கொண்டு அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. சுற்றியுள்ள மென்களிமண் மழையில் கரைந்தோட, இறுகிய உருண்டை மட்டும் எஞ்சுகிறது. வெங்காயத் தோல்போல உரியும் அதன் மேலடுக்கு, பார்ப்பவர் கண்ணுக்கு முட்டையோடாகத் தோன்றுகிறது.

அறிஞர் எவ்வாறு வேறுபடுத்துகின்றனர்? வடிவத்தை மட்டும் அவர்கள் நம்புவதில்லை. டைனோசர் நிலவாழ் விலங்கு. அது தரையில்தான் முட்டையிடும். ஆகவே, கல் கிடந்த பாறை கடலில் படிந்ததா, ஆற்றுவெளியில் படிந்ததா என்பதே முதல் வினா. அடுத்து, ஓட்டின் துண்டைக் கண்ணாடித்தாள் போல் மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் காண்பர். கருவின் மூச்சுக்காக அமைந்த நுண்துளைகளும், ஒழுங்காக நிற்கும் படிகங்களும் மெய்யான ஓட்டில் தெரியும். திரள்கல்லில் அவை இரா.

மக்களின் எதிர்பார்ப்பும் அடிப்படையற்றதன்று. 2009ஆம் ஆண்டு, அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர் அறிவித்திருந்தனர். கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில் கடல் பின்வாங்கவே, அப்பகுதியில் ஆறுகள் பாயும் நிலம் தோன்றியிருந்தது. ஒரே வட்டாரத்தின் ஒரு பாறையடுக்கு கடலின் கதையையும் மற்றொன்று நிலத்தின் கதையையும் சொல்லும். இவ்வூர்ப் பெயரை மட்டும் கேட்டு முடிவுசெய்ய இயலாது.

அறிஞர்களுக்குள்ளேயே ஐயம் நீடித்த நிகழ்வும் இம்மண்ணில் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் கல்லமேட்டில் மாபெரும் எலும்புகளைக் கண்டெடுத்து, 1980களில் அவ்விலங்குக்குப் 'புருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். 'பேருடல் கொண்ட பல்லி' என்பது அதன் பொருள். கால் எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என வகைப்படுத்தப்பட்ட அது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியாகக் கருதப்பட்டது. எலும்புகளோ மிகவும் நொய்ம்மையானவை; பருவமழை ஈரத்தில் சிதைந்து அழிந்துபோயின. பொருள் கையில் இல்லாத நிலையில், அது எலும்புதானா, கல்லான மரமா என்றுகூட அயல்நாட்டார் சிலர் ஐயுற்றனர். அண்மையிலுள்ள சாத்தனூரில் கல்லான அடிமரம் ஒன்று 18 மீட்டர் நீளத்தில் கிடப்பதை எண்ணினால், அவ்வையம் தவறென்று தள்ளத்தக்கதன்று.

2022ஆம் ஆண்டு, அய்யாசாமி மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து, அகழ்ந்தபோது எடுத்த பழைய ஒளிப்படங்களை வெளியிட்டார். அவற்றைக் கண்டபின் அது மெய்யான டைனோசரே என்னும் கருத்து வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த மதிப்பீடு ஒன்று, அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்றது. இடைவெளி 60 டன். அதாவது, பத்து யானைகளின் எடையளவு. எலும்புகள் இருந்திருந்தால் அவ்விடைவெளி குறைந்திருக்கும்.