பேக்கப் இருக்கு... ஆனா எங்கே இருக்கு? சின்னக் கடைகளைச் சாய்க்கும் ரான்சம்வேர்

பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, ஜெராக்ஸ் கடைகளுக்கும்தான். ப்ராஜெக்ட் பிரின்ட் எடுக்க வரும் மாணவர்களின் பென் டிரைவ்கள் நாள் முழுக்க கடை கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். கடையின் டேலி கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் பல நேரம் அதே கம்ப்யூட்டரில்தான். கேட்டால், “நம்ம கடைய எவன் ஹேக் பண்ணப் போறான்?” என்பார்கள்.

உங்கள் கடையை யாரும் குறிவைக்கவே தேவையில்லை என்பதுதான் சிக்கல். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, ஆள் பார்த்து நுழையவில்லை. அப்டேட் செய்யாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களைத் தானே தேடிப்போய் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலரை பிட்காயினில் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் மாட்டின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னை தலைமைச் செயலகத்தின் பொதுத் துறை கம்ப்யூட்டர்களை ரான்சம்வேர் தாக்கியது. கேட்ட தொகை 1,950 டாலர், அதுவும் கிரிப்டோவில்.

சரி, பேக்கப் எடுத்து வைத்தால் போதுமா? எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கம்ப்யூட்டரிலேயே எந்நேரமும் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க், ரான்சம்வேரைப் பொறுத்தவரை இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். அதையும் சேர்த்தே பூட்டும். டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தினால் பேக்கப் வசதி வரும். சில நிமிட வேலை. எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஏன் வீட்டுக்கு? 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். மேஜைக்குக் கீழே சிபியு, டிராயரில் ஹார்ட் டிஸ்க் என்றிருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிடுங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பிரயோஜனமில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம்.

இப்போது கவலை கூடுவதற்கு இன்னொரு காரணம், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கம்ப்யூட்டர்களில் புது ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. ‘கிராக்’ சாஃப்ட்வேர் ஏற்றுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்து வைத்த கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்!

மாட்டிக்கொண்டால்? முதலில் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையில் வரும் மிரட்டல் செய்தியை போட்டோ எடுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்க வேண்டாம். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் பங்கேற்கும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பி வரும் என்று உறுதியில்லை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரைப் பதியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.