சரணடைந்த ஆயர்

சிங்கப்பூரின் சைனாடவுனிலிருந்து ஆற்றைக் கடந்து வடக்கே போனால் குயீன் ஸ்திரீட்டில் நல்லாயன் பேராலயம் இருக்கிறது. 1847இல் திறக்கப்பட்ட அந்தக் கோயிலுக்குப் பெயர் வரக் காரணமானவர், கொரியாவில் தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு ஆயர் லாரன்ட் இம்பெர்ட். சீனாவுக்குப் போகும் வழியில் 1821 டிசம்பரில் அவர் இங்கே இறங்கினார். அப்போது வயது 25. சைனாடவுனுக்கு இடம் ஒதுக்கிய நகரத் திட்டமே அதற்கு ஓராண்டு கழித்துத்தான் வந்தது. தீவின் முதல் திருப்பலியை அவரே நிறைவேற்றியிருக்கலாம் என்பார்கள்.

சிச்சுவானில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர், 1837 இறுதியில் ரகசியமாகக் கொரியாவுக்குள் நுழைந்தார். துக்கம் காப்பவர்கள் முகம் மறைய அணியும் பெரிய தொப்பிதான் அங்கே குருக்களுக்குக் காப்பு. 1839இல் கத்தோலிக்கர்மீதான அரசின் வேட்டை முற்றியது. காட்டிக்கொடுக்கப்பட்ட இம்பெர்ட் ஆகஸ்டில் தாமே சரணடைந்தார். நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று எழுதி, தம்முடன் பணியாற்றிய மொபான், ஷாஸ்தான் என்ற இரு குருக்களையும் வரச் சொன்னார். செப்டம்பர் 21 அன்று மூவரும் கொல்லப்பட்டனர்.

இதைச் சாவின்மேல் வந்த ஆசை என்று பார்ப்பது தவறு. தாம் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அடைக்கலம் தந்த குடும்பங்கள் சித்திரவதைக் கூடத்தில் விலை கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். கொரியத் திருச்சபையை வெளிநாட்டுக் குருக்கள் தொடங்கவில்லை. 1784இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய யி சுங்-ஹுன் போன்ற பொதுநிலையினரே தொடங்கினார்கள். 1801க்குப் பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் குருவே இல்லாமல் அது பிழைத்தது. குரு இல்லாமல் சபை வாழும். மக்கள் இல்லாமல் வாழாது. இம்பெர்ட்டின் முடிவுக்கு அடியில் இந்தக் கணக்கு இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

தம் உயிரைக் கொடுக்கலாம், அடுத்தவரைச் சாகக் கூப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் முதலில் போய் நின்றுவிட்டுத்தான் கூப்பிட்டார். சிறையிலிருந்த ஒருவரால் அந்த இருவரையும் கட்டாயப்படுத்த முடியாது. பலன் கிடைத்ததா என்றால், இல்லை. கொலைகள் அடுத்த ஆண்டும் நீண்டன. 1801இல் இதேபோலச் சரணடைந்த சீனக் குரு ஜூ வென்மோவின் சாவும் எதையும் நிறுத்தவில்லை. கணக்கு பொய்த்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓடி ஒளிந்திருந்தால் மக்களுக்கு அதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்கும் என்று காட்ட யாரிடமும் ஆதாரம் இல்லை.

இன்னொரு வாதம் கனமானது: மறைப்பணியாளர்களுக்குப் பின்னால் பீரங்கிக் கப்பல் வரும் என்ற கொரிய அரசின் அச்சம் வெறும் கற்பனையா? இல்லை. கொரியக் கத்தோலிக்கர் ஒருவரே மேலைநாட்டுக் கடற்படையை அழைத்துப் பட்டுத்துணியில் எழுதிய கடிதம் 1801இல் பிடிபட்டது. மூவரின் கொலைக்கு 1846இல் பிரெஞ்சு அட்மிரல் செசில் விளக்கம் கேட்டார். 1866இல் பிரெஞ்சுப் படை காங்வா தீவைத் தாக்கியது. அந்த அச்சத்தை ஏற்றாலும், அதற்காக ஊர்மக்களை வதைத்ததை ஏற்க முடியாது. இம்பெர்ட் கடைசியாக அழைத்தது கப்பலை அல்ல, தம் இரு தோழர்களை. 1984இல் சியோலில் புனிதர் பட்டம் பெற்ற 103 பேரில் ஆகப் பெரும்பாலோர் கொரியப் பொதுநிலையினரே.