இடித்தவரைத் திருப்பி இடிக்கலாமா?

இணையக் கார் பந்தயத்தில் முதல் வளைவிலேயே ஒருவர் வேண்டுமென்றே இடித்துத் தள்ளினால், விரட்டிப் போய்த் திருப்பி இடிக்கத்தான் கை துறுதுறுக்கும். இளையர்கள் மட்டுமல்ல, தொழில்முறை ஓட்டுநர்களும் இதற்கு விலக்கல்லர். 2020 மே மாதம் ஐரேசிங் தளத்தில் நடந்த இண்டியானாபொலிஸ் பந்தயத்தில், முந்தைய மோதலால் கோபமடைந்திருந்த சிமோன் பஜனோ, முன்னணியில் வந்த லாண்டோ நோரிஸின் எதிரே வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். நோரிஸ் மோதினார், வெற்றி வாய்ப்பு போனது.

அத்தளத்தின் தார்ச்சாலைப் பந்தயங்களில் கார்கள் பலமாக மோதினால், யார் தவறு என்று கணினி பார்ப்பதில்லை. இருவருக்கும் தலா 4 தண்டப் புள்ளிகள். அநியாயம்தான். ஆனால், அப்புள்ளிகள் கூடினால் பாதுகாப்புத் தரம் இறங்கும், உரிமமும் உயராது. பழிவாங்கப் போனவருக்கு இன்னொரு 4 சேரும்!

வம்பர் நெருங்கினால் வழிவிட்டுவிடலாம். இடித்துவிட்டால், பதிவைச் சேமித்து, பந்தயம் முடிந்தபின் புகார் அனுப்பலாம். அதைக் கணினியல்ல, மனிதர்களே பார்த்து முடிவெடுக்கிறார்கள். இடையில் கெட்ட வார்த்தையில் திட்டினால், புகார் கொடுப்பவர் மீதே நடவடிக்கை பாயக்கூடும். இடித்தவர் காத்திருந்து இடத்தைத் திருப்பிக் கொடுத்தாரா? அது பெரும்பாலும் பிரேக் பிடிக்கத் தவறிய புதியவரின் பிழை, புகாருக்கு வேலையில்லை.